பாதி வருஷத்துல பூட்டுன பள்ளிக்கூடம்: மிச்சிகன் சொத்து வரிக் கதை, 1993லேர்ந்து 2013 வரைக்கும்

1993 மார்ச் 24. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்தோட வடக்குப் பக்கம் கல்காஸ்கான்னு ஒரு சின்ன ஊர், அன்னிக்கு அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடங்க எல்லாத்தையும் மூடிட்டாங்க. பனிப்புயல் கிடையாது, ஸ்ட்ரைக் கிடையாது, பணம் தீர்ந்துடுச்சு. ஜூன் வரைக்கும் நடக்க வேண்டிய வகுப்பு பத்து வாரத்துக்கு முன்னாடியே நின்னு போய், ஏறக்குறைய 2,300 பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. உலகத்துலயே பெரிய பணக்கார நாட்டுல ஒரு ஊரு, வருஷத்தை முடிக்க காசில்லாம பள்ளிக்கூடத்தை பூட்டுதுன்னு நாடு பூரா டிவில வந்துச்சு. இந்த விஷயத்தை நான் ரொம்ப நாளா தோண்டிப் படிச்சிட்டு வர்றேன், ஏன்னா உள்ளாட்சி பட்ஜெட்ல துண்டு விழுந்தா அது கடைசியில யார் தலையில விழும்னு இதைவிட தெளிவா காட்டுற கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

முதல்ல அங்க பணம் எப்படி வந்துட்டிருந்ததுன்னு புரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு சொன்னா வருவாய் மாவட்டம்னு நினைச்சுக்காதீங்க, அது பள்ளிக்கூடம் நடத்துறதுக்குன்னே இருக்கிற தனி உள்ளாட்சி அமைப்பு, அதுக்குன்னு தனி போர்டு, தனி பட்ஜெட், தனி வரி எல்லாம் உண்டு. மிச்சிகன்ல அந்த வரியை மில் கணக்குல சொல்லுவாங்க. ஒரு மில்னா ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் வரி. சொத்தோட சந்தை விலையில பாதியைத்தான் மதிப்பா எடுத்துக்குவாங்க, அதனால லட்சம் டாலர் வீடுன்னா வரிக்கணக்குல அது 50,000. 90கள் ஆரம்பத்துல பள்ளிச் செலவுக்குன்னு மட்டும் மாநில சராசரியா 34 மில் கிட்ட போட்டுட்டிருந்தாங்க, அதாவது அந்த லட்சம் டாலர் வீட்டுக்காரர் வருஷத்துக்கு 1,700 டாலர் கிட்ட பள்ளிக்கூடத்துக்கே கட்டணும், ஊர் வரி, கவுன்டி வரி எல்லாம் இதுக்கு மேல தனி.

இதுல ரெண்டு சிக்கல். முதலாவது எல்லாருக்கும் தெரிஞ்சது, பணக்கார ஊர்ல ஒரு மில் போட்டா கொட்டும், ஏழை ஊர்ல அதே ஒரு மில் சொட்டும். டிட்ராய்ட்டுக்குப் பக்கத்துல ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸ் மாதிரி ஊர்ல ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல செலவு பண்ணிட்டிருந்தப்ப, வடக்குல இருந்த ஏழை டிஸ்ட்ரிக்ட்ல 3,500 கூட தேறல. ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஆனா பிள்ளைக்கு மூணு மடங்கு வித்தியாசம். இது அநியாயம்னு கோர்ட்டுக்குப் போனவங்களும் உண்டு. டெக்சாஸ்ல சான் அன்டோனியோவுக்குள்ள எட்ஜ்வுட்னு ஒரு ஏழை டிஸ்ட்ரிக்ட், அங்க இருந்த பெற்றோர் போட்ட கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1973 மார்ச்ல 5க்கு 4ன்னு தோத்துப் போச்சு. கல்வி அமெரிக்க அரசியலமைப்புல அடிப்படை உரிமையா இல்ல, அதனால சொத்து வரியால வர்ற இந்த ஏற்றத்தாழ்வை ஃபெடரல் கோர்ட் சரி பண்ணாதுன்னு கையை விரிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு மாநிலமும் அதது பாட்டைப் பார்த்துக்க வேண்டியதாச்சு.

ரெண்டாவது சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது, கல்காஸ்காவை கவுத்தது அதுதான். பள்ளி வரியை உயர்த்தணும்னா, சில சமயம் இருக்கிறதை நீட்டிக்கணும்னா கூட, ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும். யோசிச்சுப் பாருங்க, வருமான வரிக்கு யாரும் ஓட்டு கேக்கிறதில்ல, பெட்ரோல் வரிக்கு கேக்கிறதில்ல, ராணுவச் செலவுக்கு கேக்கிறதில்ல. ஒரு சாதாரண மனுஷன் வாழ்க்கையில "வேண்டாம்"னு நேரா சொல்ல முடியுற வெகு சில வரியில ஒண்ணு பள்ளி வரி. அப்ப வேலை போன கோபம், விலைவாசி மேல இருக்கிற கோபம், தலைநகரத்துல இருக்கிறவங்க மேல இருக்கிற கோபம் எல்லாமே அந்த ஒரு சீட்டுல வந்து இறங்குது. மத்த வரியை உயர்த்தினவன் தப்பிச்சுடுறான், பள்ளிக்கூடம் மாட்டிக்குது.

கல்காஸ்காவுல சுமார் 15 லட்சம் டாலர் துண்டு விழுந்துச்சு. வரியை உயர்த்தச் சொல்லி போர்டு மூணு தடவை ஓட்டுக்குப் போனாங்க, மூணு தடவையும் ஜனங்க முடியாதுன்னுட்டாங்க. இங்க வேண்டாம்னு ஓட்டுப் போட்டவங்களை வில்லனாக்குறது எனக்கு சரியாப் படல. நிலையான வருமானத்துல இருக்கிற ஒரு வயசானவரை எடுத்துக்கங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கின வீடு, அதோட விலை ஏறினதால அவர் கையில ஒரு டாலர் கூட கூடுதலா வரல, ஆனா வரி மட்டும் ஏறிட்டே போகுது. சொத்து வரியோட அடிப்படை குறையே இதுதான், அது நம்மகிட்ட இருக்கிற காசைப் பார்த்து போடுறதில்ல, நாம உக்காந்திருக்கிற இடத்தோட விலையைப் பார்த்து போடுறது. வீட்டை வித்தாத்தான் அந்தக் காசு கைக்கு வரும், வித்துட்டா வீடு இல்ல. போர்டு சம்பளத்தை குறைச்சிருக்கலாம், இன்னும் வெட்டியிருக்கலாம், வேணும்னே பள்ளியை மூடி அரசுக்கு நெருக்கடி குடுத்தாங்கன்னு சொன்னவங்களும் இருந்தாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனா நெருக்கடியா இருந்தாலும் திட்டமா இருந்தாலும், பத்து வார வகுப்பு போனது எட்டு வயசு பிள்ளைக்கு, அது எந்த ஓட்டும் போடல.

அதே நேரத்துல தலைநகரம் லான்சிங்ல என்ன நடந்ததுன்னா, கவர்னர் ஜான் எங்லர் 1990 தேர்தல்லயே சொத்து வரியைக் குறைப்பேன்னு சொல்லி ஜெயிச்சவர், ஆனா குறைக்கிறதுக்கான திட்டம் எதுவும் ஓட்டுல தேறவே இல்ல. 1993 ஜூன்ல ஒரு திட்டம் வந்து அதுவும் தோத்துச்சு. ஜூலையில சட்டசபையில மறுபடி வரிக்குறைப்பு விவாதம் ஓடிட்டிருக்கிறப்ப, எதிர்க்கட்சிப் பக்கமிருந்து மாநில செனட்டர் டெபி ஸ்டபெனோ, பின்னாடி அமெரிக்க செனட்டுக்கே போனவங்க, ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க: இருபது சதவீதம் முப்பது சதவீதம்னு எதுக்கு பேரம், பள்ளி நடத்துற செலவுக்கு சொத்து வரியே வேண்டாம், முழுசா எடுத்துடலாம்னு. நிறைய பேர் அதை ஒரு சவாலாத்தான் பார்த்தாங்க, ஆளுங்கட்சி பின்வாங்கும்னு நினைச்சாங்க. அவங்க பின்வாங்கல. ரெண்டே நாள்ல ரெண்டு சபையிலயும் பாஸாகி, ஆகஸ்ட்ல எங்லர் கையெழுத்தும் போட்டுட்டார். 600 கோடி டாலருக்கு மேல, பள்ளிகளோட வருமானத்துல மூணுல ரெண்டு பங்கு கிட்ட, ஒரே கையெழுத்துல போயிடுச்சு, அதுக்கு பதிலா எங்கேர்ந்து பணம் வரும்னு அன்னிக்கு ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல.

இதை முட்டாள்தனம்னு சொல்றவங்க இருக்காங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இருபது வருஷமா எல்லாரும் சொத்து வரியை சரி பண்ணணும் பண்ணணும்னு பேசிட்டே இருந்தாங்க, இருக்கிறது அப்படியே இருந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாதுங்கிற நிலைமை இருந்த வரைக்கும் யாரும் அசையல. பழைய பாலத்தை இடிச்சுட்ட பிறகுதான் புதுப் பாலம் கட்டியே ஆகணும்னு ஆச்சு. கட்டினாங்களும் கூட, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிய விடிய உக்காந்து திட்டத்தை முடிச்சாங்க.

அந்தத் திட்டத்தை ஜனங்க முன்னாடி வச்ச விதம்தான் இந்தக் கேஸ்லயே ரொம்ப புத்திசாலித்தனமான இடம்னு நினைக்கிறேன். 1994 மார்ச் 15ல ஓட்டு, பேரு ப்ரொபோசல் ஏ. ஆமான்னா விற்பனை வரி 4 சதவீதத்துலேர்ந்து 6 ஆகும், அந்தக் கூடுதல் ரெண்டு சதவீதம் முழுக்க பள்ளி நிதிக்குப் போகும், சிகரெட் பாக்கெட் வரி 25 சென்ட்லேர்ந்து 75 சென்ட் ஆகும், வருமான வரி 4.6லேர்ந்து 4.4க்கு குறையும். இல்லன்னா, வருமான வரி 6 சதவீதமாகும், அதுக்கான சட்டத்தை ஏற்கெனவே பாஸ் பண்ணி தயாரா வச்சுட்டாங்க. அதாவது "பள்ளிக்கு வரி வேணுமா வேண்டாமா"ங்கிற கேள்வியே அந்தச் சீட்டுல இல்ல, "எந்த வரி"ங்கிறது மட்டும்தான் இருந்துச்சு. பத்துல ஏழு பேர் கிட்ட ஆமான்னாங்க. கல்காஸ்கா ஜனங்களுக்கு கிடைச்சது வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு சீட்டு, மாநிலத்துக்கு கிடைச்சது ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க ஒரு சீட்டு, அதே ஜனங்கதான், பதில் வேற மாதிரி வந்துச்சு.

வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னா, சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்கு பள்ளி நடத்துற செலவுக்கான உள்ளூர் வரி போச்சு, மாநில கல்வி வரின்னு 6 மில் மட்டும் வந்துச்சு. அந்த லட்சம் டாலர் வீட்டுக்கு 1,700 கட்டின இடத்துல 300. கடை, ஃபேக்டரி, வாடகை வீடு, லீவுக்கு வந்து தங்குற ரெண்டாவது வீடு, இதுக்கெல்லாம் மேல இன்னொரு 18 மில் உள்ளூர்லயே போடலாம். வரி மதிப்பு வருஷத்துக்கு 5 சதவீதமோ இல்ல பணவீக்கமோ எது குறைவோ அதுக்கு மேல ஏறக்கூடாது, வீட்டை வித்தாத்தான் மறுபடி சந்தை விலைக்கு வரும். நான் மேல சொன்ன அந்த வயசானவருக்கு இது நிஜமாவே பெரிய நிம்மதி, அதை குறைச்சு பேச எனக்கு மனசில்ல.

பிள்ளைங்க பக்கம், தலைக்கு இவ்வளவுன்னு மாநிலமே குடுக்க ஆரம்பிச்சுது, ஃபவுண்டேஷன் அலவன்ஸ்னு பேரு. முதல் வருஷம் 1994-95ல குறைஞ்சபட்சம் 4,200 டாலர். கீழ இருந்த டிஸ்ட்ரிக்டுங்களுக்கு வேகமாவும் மேல இருந்ததுங்களுக்கு மெதுவாவும் ஏத்திக்கிட்டே வந்து, 2021-22ல கீழ் மட்டமும் பொது மட்டமும் ஒண்ணாகி 8,700 ஆச்சு. ரொம்ப பணக்கார டிஸ்ட்ரிக்ட் சிலது இன்னும் மேலதான் இருக்கு. ஆனாலும் மூணு மடங்கு வித்தியாசம் இருந்த இடத்துல இது சாதாரண விஷயம் இல்ல, 27 வருஷம் ஆனாலும் சொன்னதைச் செஞ்சாங்க.

இதோட நிறுத்தினா வெற்றிக் கதைதான். ஆனா துண்டு விழுறது நிக்கல, விழுற இடம்தான் மாறுச்சு.

கட்டடத்தை பாருங்க. ப்ரொபோசல் ஏ மாத்தினது பள்ளி நடத்துற செலவை மட்டும், சம்பளம், கரென்ட், பஸ் இதெல்லாம். கூரை ஒழுகினா, பாய்லர் வெடிச்சா, புது லேப் கட்டணும்னா அது இன்னமும் உள்ளூர் ஜனங்க ஓட்டுப் போட்டு சொத்து வரியில கடன் பத்திரம் போட்டுத்தான் ஆகணும். அதனால ஏழை ஊர்ப் பிள்ளைக்கு வாத்தியார் சம்பளம் சமமாச்சு, தலைக்கு மேல இருக்கிற கூரை சமமாகல. ஏன் இதை விட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆதங்கம் உண்டு.

அந்த 18 மில்லும் அப்பப்ப உள்ளூர் ஓட்டுல புதுப்பிக்க வேண்டியது. மாநிலம் கணக்கு போடுறப்ப நீ 18 மில் வசூல் பண்ணிட்டேன்னு வச்சுத்தான் மீதியை மட்டும் தருது. ஊர் ஜனங்க ஒத்துக்கலன்னா அந்தப் பணம் போனது போனதுதான், மாநிலம் ஈடு கட்டாது. அப்புறம் 1978ல வந்த ஹெட்லீ திருத்தம்னு ஒண்ணு, சொத்து மதிப்பு பணவீக்கத்தை விட வேகமா ஏறினா மில் விகிதம் தானா இறங்கிடும், 18ங்கிறது 17.8, 17.6ன்னு தேயும், மறுபடி 18க்கு கொண்டு வரவும் ஓட்டு வேணும். நேர் எதிரா, ஒரு ஊரு மனசார கூடுதலா குடுக்கணும்னு நினைச்சாலும் நடத்துற செலவுக்கு குடுக்க வழி ரொம்ப குறுகிப் போச்சு. வேண்டாம்னு சொல்ற அதிகாரத்தை எடுத்தப்ப, வேணும்னு சொல்ற அதிகாரமும் சேர்ந்து போயிடுச்சு.

எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமாப் படுறது தலைக்கணக்கு. பணம் பிள்ளையோட நடந்து போகுது, பிள்ளை பக்கத்து டிஸ்ட்ரிக்டுக்குப் போனா பணமும் போகுது, சார்ட்டர் பள்ளிக்கு, அதாவது அரசுப் பணத்துல டிஸ்ட்ரிக்டுக்கு வெளிய தனியா நடக்கிற பள்ளிக்குப் போனா அங்க போகுது. கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு சின்ன டிஸ்ட்ரிக்ட்லேர்ந்து 20 பிள்ளைங்க போயிடுறாங்கன்னு வைங்க, தலைக்கு 8,700ன்னா 1,74,000 டாலர் போச்சு. அந்த 20 பேரும் ஒரே வகுப்புலேர்ந்து போகல, யுகேஜி வயசுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் பதிமூணு வகுப்புல ஒண்ணு ரெண்டுன்னு பரவிப் போயிருக்காங்க. எந்த வகுப்பை மூடுவீங்க? 25 பேருக்கு பாடம் எடுத்த டீச்சர் 23 பேருக்கு எடுக்கிறார், சம்பளம் அதேதான். பஸ் அதே ரூட்ல அதே டீசலைக் குடிச்சுட்டு ஓடுது. வருமானம் தலைக்கணக்குல இறங்குது, செலவு கட்டடக் கணக்குல நிக்குது, இந்த ரெண்டுக்கும் நடுவுல விழுற பள்ளம்தான் பட்ஜெட் பற்றாக்குறைன்னு பேப்பர்ல வருது. அதைப் பார்க்கிறவங்க உடனே நிர்வாகம் சரியில்லன்னுடுறாங்க. சில இடத்துல சரியில்லாம இருந்தது உண்மைதான், ஆனா நல்லா நடத்துறவங்களும் இதே பள்ளத்துல விழுந்திருக்காங்க.

இது போதாதுன்னு, முன்னாடி மாநிலம் கட்டிட்டிருந்த ஆசிரியர் ஓய்வூதியப் பங்கு 94க்கு அப்புறம் டிஸ்ட்ரிக்ட் தலையில வந்துச்சு, வேலையில இருக்கிறவங்க எண்ணிக்கை குறையக் குறைய அந்தச் சுமை சம்பளத்துல பெரிய பங்கா ஏறிட்டே போச்சு. விற்பனை வரியும் நம்பகமான ஆள் இல்ல. சொத்து வரி கெட்ட வரிதான், ஆனா பொருளாதாரம் படுத்தாலும் அது வரும், வீடு எங்கேயும் ஓடிப்போகாது. விற்பனை வரி ஜனங்க கடைக்குப் போகாத அன்னிக்கே படுத்துடும், அதுவும் மிச்சிகன்ல பொருளுக்குத்தான் அந்த வரி, சேவைக்கு பெரும்பாலும் இல்ல, ஜனங்க செலவு சேவைப் பக்கம் போகப் போக வரியும் மெலிஞ்சுது. கார் கம்பெனிங்க திவாலான 2009ல வருஷம் ஆரம்பிச்ச பிறகு தலைக்கு 165 டாலர் வெட்டு, 2011ல கவர்னர் ரிக் ஸ்னைடர் வந்தப்ப முன்னாடி வெட்டினதையும் சேர்த்து 470. ஒரு ஊரோட மூணு "வேண்டாம்" ஓட்டு செஞ்ச வேலையை, லான்சிங்ல பட்ஜெட்ல எழுதின ஒரே வாக்கியம் செஞ்சுடுச்சு.

டிட்ராய்ட் கதை தனியா எழுத வேண்டியது, சுருக்கமா சொல்றேன். 2000 வாக்குல ஒன்றரை லட்சத்துக்கு மேல பிள்ளைங்க படிச்ச டிஸ்ட்ரிக்ட், பதினஞ்சு வருஷத்துல ஐம்பதாயிரத்துக்கும் கீழ வந்துடுச்சு. 2009லேர்ந்து மாநிலம் நியமிச்ச எமர்ஜென்சி மேனேஜருங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நடத்தினாங்க, கடன் குறையல. 2016ல 61.7 கோடி டாலர் குடுத்து டிஸ்ட்ரிக்டையே ரெண்டா பிரிச்சாங்க, புதுசு பள்ளிக்கூடம் நடத்தும், பழசு வரி வசூல் பண்ணி பழைய கடனை அடைக்கும்.

ஆனா நான் சொல்ல வந்தது ப்யூனா விஸ்டா பத்தி. சாகினாங்கிற ஊருக்குப் பக்கத்துல, கார் உதிரிபாக வேலையை நம்பி வாழ்ந்த வட்டாரம், பெரும்பாலும் கருப்பின மக்கள், அந்த டிஸ்ட்ரிக்ட்ல 2013ல மிச்சம் இருந்ததே நானூத்திச் சொச்சம் பிள்ளைங்கதான். அங்க சிறார் காப்பகம் ஒண்ணுல இருக்கிற பிள்ளைங்களுக்கு பாடம் நடத்துறதுக்குன்னு மாநிலப் பணம் வந்துட்டிருந்தது, அந்தப் பொறுப்பு கையை விட்டுப் போன பிறகும் பணம் மட்டும் வந்துட்டே இருந்தது, டிஸ்ட்ரிக்ட்ல அதையும் செலவு பண்ணிட்டாங்க. அது தெரிஞ்சப்ப மாநிலம் வர வேண்டிய தவணையை பிடிச்சு வச்சுடுச்சு. மே மாசம் சம்பளம் குடுக்க காசில்ல, டீச்சருங்க எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தி பள்ளியை மூடிட்டாங்க. கல்காஸ்கா நடந்து இருபது வருஷம், இந்த மாதிரி இனி நடக்கவே கூடாதுன்னு கொண்டு வந்த திட்டத்துக்குக் கீழேயே, அதே மாநிலத்துல, பாதி வருஷத்துல பணம் இல்லாம மறுபடி பள்ளிக்கூடம் பூட்டுனாங்க. இந்த தடவை யாரும் வேண்டாம்னு ஓட்டுப் போடல. யார்கிட்டயும் கேக்கவே இல்ல.

டிஸ்ட்ரிக்ட் பண்ணினது தப்பு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல, தன்னோடது இல்லாத பணத்தை செலவு பண்ணக்கூடாது. ஆனா ஏன் அந்தப் பணத்தை தொட்டாங்கன்னு பார்த்தா, வருஷா வருஷம் பிள்ளைங்க எண்ணிக்கை சரிஞ்சிட்டே வந்திருக்கு, மேல சொன்ன அதே பள்ளம், அதை நிரப்ப கிடைச்ச மண்ணையெல்லாம் போட்டிருக்காங்க. ஒரு நூறு மாணவர் கூடுதலா இருந்திருந்தா இது வெளியில தெரியாமயே போயிருக்கலாம்.

ரெண்டு வாரம் கிட்ட மூடிக் கிடந்த பிறகு மாநிலம் பணத்தை விட்டு, அந்த வருஷப் படிப்பை எப்படியோ முடிச்சாங்க. அடுத்த ரெண்டு மாசத்துல புதுச் சட்டம் ஒண்ணு வந்துச்சு, பணமில்லாத சின்ன டிஸ்ட்ரிக்டை மாநில அதிகாரிங்களே கலைக்கலாம்னு. ஜூலையில ப்யூனா விஸ்டாவையும், டிட்ராய்ட் பக்கம் இருக்கிற இங்க்ஸ்டரையும் கலைச்சுட்டாங்க. ப்யூனா விஸ்டா பிள்ளைங்களை சாகினா, பிரிட்ஜ்போர்ட், ஃப்ராங்கன்மத்னு மூணு பக்கம் பிரிச்சு விட்டாங்க, ஒரே வகுப்புல படிச்சதுங்க தெருவைப் பொறுத்து வேற வேற பஸ்ல ஏறுச்சுங்க.

டிஸ்ட்ரிக்ட் போச்சு, போர்டு போச்சு, ஊர் பேர்ல இருந்த பள்ளிக்கூடம் போச்சு. அது வாங்கி வச்சிருந்த கடன் போகல. சட்டப்படி அந்தக் கடன் அந்த எல்லைக்குள்ள இருக்கிற சொத்து மேலயே நிக்கும், அதனால பள்ளிக்கூடம் கலைஞ்ச பிறகும் அந்த ஊர்க்காரங்க சொத்து வரி ரசீதுல அந்தக் கடனுக்கான மில் தொடர்ந்து வந்துச்சு, அவங்க பிள்ளைங்க வேற ஊர் பஸ்ஸுக்காக நிக்கிற அதே தெருவுல இருக்கிற வீடுகளுக்கு.